கணையத்தைச் சுற்றிக் கோத்த நீர்: எப்போது வடிப்பது, எப்படி வடிப்பது

சி.டி. ஸ்கேன் ரிப்போர்ட்டின் கடைசி வரியில் ‘சூடோசிஸ்ட், 12 × 9 செ.மீ.’ என்று போட்டிருக்கும். கும்பகோணத்திலோ மன்னார்குடியிலோ எடுத்த அந்தக் கவரைக் கையில் வைத்துக்கொண்டு வீட்டார் முதலில் கேட்பது, “கணையத்துல தண்ணி கோத்திருக்காம், எப்ப சார் எடுப்பீங்க?” என்றுதான். மருத்துவர் திருப்பிக் கேட்பார்: “வலி முதல்ல என்னிக்கு வந்துச்சு?” கட்டி எத்தனை சென்டிமீட்டர் என்பதைவிட அந்தத் தேதி முக்கியம். டெல்டாவில் பலர் அதைத் தேதியாகச் சொல்வதில்லை. “ஆடிப்பெருக்கு அன்னிக்கு ராத்திரி” என்பார்கள். அதுவே போதும். ஆடிப்பெருக்கு என்றால் ஆகஸ்ட் 2 அல்லது 3. அதிலிருந்து நான்கு வாரம் எண்ணினால் ஆவணி நடுவில் வந்து நிற்கும். உயிருக்கு ஆபத்தான அவசரம் இல்லாதவரை அதற்கு முன் ஊசி உள்ளே போகாமல் இருப்பதே நல்லது.

வாய்வழியே இறக்கும் குழாயின் நுனியிலிருந்தே ஸ்கேன் பார்க்கும் எண்டோஸ்கோப்பிக் அல்ட்ராசவுண்ட், சுருக்கமாக ஈ.யூ.எஸ்., மூலம் இந்த நீரை இரைப்பைக்குள்ளேயே வடித்துவிடலாம். வயிற்றில் தழும்பு இல்லை, வெளியே தொங்கும் பை இல்லை. துளை போட்டு, அது மூடிவிடாமல் காக்கும் சிறு குழாயான ஸ்டென்ட்டை வைப்பது கைதேர்ந்தவருக்கு அரை மணி நேர வேலை. ஆனால் அந்த அரை மணிக்கு முன்னால் ஒரு தேதியும் பின்னால் ஒரு தேதியும் இருக்கின்றன. எந்த நாளுக்கு முன் வடிக்கக் கூடாது என்பது ஒன்று, எந்த நாளுக்குள் ஸ்டென்ட்டை எடுத்தாக வேண்டும் என்பது இன்னொன்று. முதலாவதை மருத்துவர்கள் கவனித்துக்கொள்வார்கள். இரண்டாவது நோயாளியின் கையில்தான் இருக்கிறது. தவறிப்போவதும் அதுதான்.

எங்கிருந்து வருகிறது இந்த நீர்

கணையம் இரைப்பைக்குப் பின்னால், முதுகெலும்புக்கு முன்னால் குறுக்கே படுத்திருக்கிறது. கொழுப்பையும் புரதத்தையும் கரைக்கும் நொதிகளைத் தினமும் ஒரு லிட்டருக்கு மேல் சுரந்து, குழாய் வழியாகச் சிறுகுடலுக்கு அனுப்புகிறது. பித்தப்பையிலிருந்து நழுவிய கல் அந்தக் குழாயின் வாயை அடைத்தாலோ, குடிப்பழக்கத்தாலோ, ரத்தத்தில் ட்ரைகிளிசரைடு 1000 மி.கி.க்கு மேல் ஏறியதாலோ, குடலுக்குள் போய் வேலை செய்ய வேண்டிய நொதிகள் கணையத்துக்குள்ளேயே விழித்துக்கொள்கின்றன. உணவைக் கரைக்க வேண்டியது உறுப்பையே கரைக்கத் தொடங்குகிறது. மேல்வயிற்றில் தொடங்கி முதுகுக்குக் குத்திக்கொண்டு போகும் வலியும் வாந்தியும் அதனால் வருபவை. பெரும்பாலோருக்கு ஒரு வாரத்தில் அடங்கிவிடும். சிலருக்குக் கணையத்தின் ஒரு பகுதியும் அதைச் சுற்றிய கொழுப்பும் ரத்த ஓட்டம் இழந்து செத்துப்போகும். குழாய் எங்காவது கிழிந்தால் நொதி நீர் கசிந்து, இரைப்பைக்கும் கணையத்துக்கும் இடையில் குளமாகத் தேங்கும். நூறு மில்லியும் இருக்கலாம், இரண்டு லிட்டரும் இருக்கலாம்.

இந்தத் தேக்கத்தில் நான்கு வகை உண்டு. 2012-இல் திருத்தி வெளியிடப்பட்ட அட்லாண்டா வகைப்பாடு இரண்டே கேள்விகளால் அவற்றைப் பிரிக்கிறது: நான்கு வாரம் ஆகிவிட்டதா, உள்ளே செத்த திசு கிடக்கிறதா. நான்கு வாரத்துக்குள், வெறும் நீராக இருப்பது பெரும்பாலும் தானே வற்றிவிடும். நான்கு வாரத்துக்குள், செத்த திசுவோடு கலந்திருப்பது கவனமாகப் பார்த்துக்கொள்ள வேண்டியது. நான்கு வாரம் கடந்து சுவர் கட்டிய வெறும் நீர்தான் சூடோசிஸ்ட். சுவர் கட்டிய பிறகும் உள்ளே செத்த திசு மிதந்தால் அது ‘வால்ட்-ஆஃப் நெக்ரோசிஸ்’. மருத்துவர்கள் ‘வான்’ என்று சுருக்கிச் சொல்வது இதைத்தான். ரிப்போர்ட்டில் எல்லாவற்றுக்கும் சூடோசிஸ்ட் என்றே எழுதும் பழக்கம் இன்னும் போகவில்லை. இதைச் சாதாரணமாக விட முடியாது. நீர் மட்டும் என்றால் மெல்லிய குழாய் போதும். சகதி என்றால் அதே குழாய் இரண்டு நாளில் அடைத்துக்கொண்டு, வெளிக்கிருமி உள்ளே புகுந்து, நேற்றுவரை காய்ச்சல் இல்லாதவருக்குக் காய்ச்சல் வந்துவிடும்.

சி.டி.யில் நீரும் செத்த திசுவும் ஏறக்குறைய ஒரே சாம்பல் நிறத்தில் தெரிவதுதான் இந்தக் குழப்பத்துக்குக் காரணம். எம்.ஆர்.ஐ. எடுத்தால் பிரித்துப் பார்க்கலாம். ஈ.யூ.எஸ்.ஸில் இன்னும் தெளிவு: நீர் கறுப்பாகவும், திசுத் துண்டுகள் அதில் மிதக்கும் வெண்சாம்பல் திட்டுகளாகவும் திரையில் அசையும்.

நான்கு வாரம் எதற்கு என்பதை டெல்டாக்காரர்களுக்கு விளக்குவது எளிது. நேற்று அணைத்த வரப்பில் மடை வெட்டினால் தண்ணீர் மடையோடு நிற்காது. வரப்பையும் கரைத்துக்கொண்டு ஓடும். கணைய நீரைச் சுற்றி உடல் கட்டும் நார்ச்சுவரும் அப்படித்தான். முதல் இரண்டு வாரத்தில் அது ஈரமண். இரைப்பையின் பின்சுவரோடு ஒட்டியிருக்காது. அப்போது துளைத்தால் நீர் இரைப்பைக்குள் விழாமல் வயிற்றறைக்குள் சிதறும், ரத்தக்கசிவும் அதிகம். நாள் ஆக ஆகச் சுவர் தடித்து, இரைப்பையோடு ஒட்டி, உள்ளே திசு இளகிக் கூழாகிவிடும். அதன் பிறகு துளைப்பதும் பாதுகாப்பு, வடிவதும் சுலபம்.

கிருமி தொற்றிவிட்டது என்று தெரிந்தவுடனே வடிப்பதா, ஆன்டிபயாடிக் கொடுத்துக்கொண்டு சுவர் கட்டும்வரை பொறுப்பதா என்பது நெடுநாள் விவாதம். நெதர்லாந்து ஆய்வுக் குழு 2021-இல் வெளியிட்ட ‘பாய்ன்டர்’ ஆய்வு இதை நேருக்கு நேர் ஒப்பிட்டது. உடனே வடித்ததால் கூடுதல் நன்மை கிடைக்கவில்லை. பொறுத்திருந்த பிரிவில் 39 சதவீதம் பேருக்கு ஆன்டிபயாடிக் மட்டுமே போதுமானதாகி, வடிக்கவே வேண்டியிருக்கவில்லை. “காசு கட்டியாச்சு, ஏன் இன்னும் பண்ணாம வச்சிருக்காங்க” என்று வார்டுக்கு வெளியே கோபப்படும் உறவினருக்கு இந்த எண்ணைச் சொல்லலாம்.

யாருக்கு வடிக்க வேண்டும்

பெரிதாக இருக்கிறது என்பதற்காக மட்டும் வடிப்பதில்லை. 10 செ.மீ. தேக்கத்தோடு சாப்பிட்டுக்கொண்டு, வலியில்லாமல் நடமாடுபவரை ஸ்கேன் எடுத்துக் கண்காணித்தால் போதும். பலருக்கு மாதக்கணக்கில் சுருங்கிவிடும். குளிர்க்காய்ச்சலோடு தொற்று வந்தது, இரைப்பையை அமுக்கி நாலு வாய் சாப்பிட்டதும் வாந்தி, பித்தக்குழாயை அழுத்தி மஞ்சள் காமாலை, விடாத வலி, நாளுக்கு நாள் வளரும் அளவு என இவற்றில் ஏதாவது ஒன்று இருந்தால் வடிக்க வேண்டும். சி.டி.யில் தேக்கத்துக்குள் காற்றுக் குமிழிகள் தெரிவது தொற்றுக்கு வலுவான அடையாளம்.

காத்திருக்கும் நான்கு வாரமும் பட்டினிக் காலம் அல்ல. இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. ‘கணையத்துக்கு ஓய்வு’ என்று வாரக்கணக்கில் குளுக்கோஸ் பாட்டிலோடு படுக்கவைத்த காலம் போய்விட்டது. வாய்வழி சாப்பிட முடிந்தால் கொழுப்புக் குறைந்த சாப்பாடு, முடியாவிட்டால் மூக்கு வழியாகச் சிறுகுடல் வரை இறக்கிய குழாயில் உணவு. குடல் வேலை செய்துகொண்டே இருந்தால் அதன் சுவர் உறுதியாக இருக்கும். குடல் கிருமிகள் கசிந்து போய்ச் செத்த திசுவில் குடியேறுவது குறையும். வெறும் கஞ்சித் தண்ணீரும் இளநீரும் மட்டும் கொடுத்து வைத்திருந்தால் நான்காவது வாரத்தில் தோலும் எலும்புமாக வருவார்கள். அந்த உடம்பில் எந்தத் துளையும் ஆறாது.

ஊசி போடுமுன் உறுதி செய்ய வேண்டியவை சில உண்டு. அவற்றில் உயிரைக் காப்பது சாய ஊசி போட்டு, சாயம் தமனிகளில் ஓடும் கட்டத்தையும் சேர்த்து எடுத்த கான்ட்ராஸ்ட் சி.டி. நொதி நீர் பக்கத்திலுள்ள ரத்தக்குழாயின் சுவரையும் அரிக்கும். மண்ணீரல் தமனியோ அதன் கிளையோ அரிபட்டுப் பலூன் போல உப்பியிருந்தால் அது சூடோஅனியூரிசம். அது தெரியாமல் நீரை வடித்தால், அதுவரை அதை வெளியிலிருந்து அழுத்திக்கொண்டிருந்த அழுத்தம் சட்டென்று விலகி, பலூன் வெடிக்கும். முதலில் ரேடியாலஜிஸ்ட் தொடை வழியாகவோ கை வழியாகவோ போய்ச் சுருள் வைத்து அடைக்க வேண்டும், வடிப்பது பிறகு. மண்ணீரல் சிரை உறைந்து அடைத்திருந்தால் இரைப்பைச் சுவரில் ரத்தநாளங்கள் புடைத்திருக்கும். துளைக்கும் இடத்தை அதற்கேற்ப மாற்ற வேண்டும். முன்பு கணைய அழற்சியே வந்திராத ஒருவருக்கு, குறிப்பாக நடுத்தர வயதுப் பெண்ணுக்கு, ‘சூடோசிஸ்ட்’ என்று வந்தால் அது நீர்க்கட்டி வடிவப் புற்றுக்கட்டியாக இருக்கலாம். அதை இரைப்பைக்குள் திறந்துவிடுவது பெரும் பிழை.

ரத்தத் தட்டணுக்கள் 50,000-க்கு மேல், ரத்தம் உறையும் திறனைக் காட்டும் ஐ.என்.ஆர். 1.5-க்குக் கீழ் இருக்க வேண்டும். இதயத்துக்காக, ரத்தம் உறையாமல் தடுக்கும் குளோபிடோக்ரெல் சாப்பிடுபவர்கள் இதய மருத்துவரைக் கேட்டு, வழக்கமாக ஐந்து முதல் ஏழு நாள் முன்பே நிறுத்துவார்கள். வேறு ஊருக்குப் போகிறவர்கள் ஸ்கேன் ஃபிலிமோடு படங்கள் பதிந்த குறுந்தட்டையும் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். வாட்ஸப்பில் அனுப்பிய ஃபிலிம் போட்டோவில் சூடோஅனியூரிசத்தைத் தேட முடியாது.

துளை போடும் நேரம்

நோயாளிக்கு மயக்கம் கொடுத்து, மூச்சுக்குழாயில் டியூப் போட்டுவிடுவது நல்லது. ஒரு லிட்டர் தேக்கம் திறந்தவுடன் இரைப்பைக்குள் பாய்ந்து மேலேறி வரும். டியூப் இல்லையென்றால் நுரையீரலுக்குள் போய்விடும். இரைப்பையை விரிக்கச் சாதாரணக் காற்றுக்குப் பதில் கார்பன் டை ஆக்சைடு பயன்படுத்துவார்கள். சாதாரணக் காற்று திறந்த சிரைக்குள் புகுந்தால் குமிழியாக இதயத்துக்குப் போய் அடைக்கும். கார்பன் டை ஆக்சைடு ரத்தத்தில் விரைவில் கரைந்துவிடும்.

நுனியில் அல்ட்ராசவுண்ட் கண் பொருத்திய லீனியர் எண்டோஸ்கோப்பை வாய்வழியே இறக்கி, இரைப்பையின் பின்சுவரில் வைத்தால் தேக்கம் முழுதும் திரையில் விரியும். பழைய நாளில் இரைப்பைக்குள் புடைப்பு தெரிகிற இடத்தைக் கண்ணால் பார்த்துத் துளைத்தார்கள். புடைப்பு இல்லாதவருக்கு வழியில்லை, சுவருக்குள் ஓடும் ரத்தநாளமும் தெரியாது. ஈ.யூ.எஸ். வழியே வடிக்கும் முறை 1992-இல் முதலில் பதிவானது. அதன் பிறகுதான் இந்தச் சிகிச்சை பரவலாகப் பாதுகாப்பானது. ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளரைப் போட்டதும் ரத்தநாளங்கள் சிவப்பும் நீலமுமாக மினுக்கும். அவை குறுக்கிடாத இடமாக, இரைப்பை உட்சுவருக்கும் தேக்கத்துக்கும் இடையே 10 மி.மீ.க்கு மேற்படாத இடமாகப் பார்த்துத் தேர்வார்கள். இந்த 10 மி.மீ. கணக்கு உலோக ஸ்டென்ட்டின் ஒடுங்கிய நடுப்பகுதியின் நீளத்தோடு தொடர்புடையது. அதைவிடத் தடித்த சுவரில் இரண்டு பக்கமும் பிடிக்காது.

19 கேஜ் ஊசி உள்ளே போகும்போது சுவர் ஒரு கணம் உள்வாங்கி, பிறகு ‘பொட்’டென்று விடும். திரையில் கறுப்புக் குளத்துக்குள் வெள்ளைக் கோடாக ஊசி நுனி தெரியும். முதலில் 10, 20 மில்லி உறிஞ்சிப் பார்ப்பார்கள். வைக்கோல் நிறத்தில் தெளிவாக வந்தால் சூடோசிஸ்ட். காபி டிகாஷன் மாதிரி என்றால் பழைய ரத்தமும் செத்த திசுவும். பச்சைச் சாம்பலாகக் கெட்டியாக நாறிக்கொண்டு வந்தால் சீழ். கணைய நொதியான அமிலேஸின் அளவுக்கும் கிருமி வளர்ப்புக்கும் அனுப்ப வேண்டும். எந்த ஆன்டிபயாடிக்கைத் தொடர்வது என்பதை அந்தக் கிருமி ரிப்போர்ட்தான் முடிவு செய்யும்.

அடுத்தது, தேக்கம் வெறும் நீராக இருந்தால், ஊசி வழியாக 0.035 அல்லது 0.025 அங்குல கைடுவயரை, அதாவது வழிகாட்டும் மெல்லிய கம்பியை, விட்டு, எக்ஸ்-ரே திரையில் உள்ளே இரண்டு மூன்று சுற்றுச் சுருள்வதைப் பார்த்துக்கொள்வார்கள். வயர் நழுவினால் துளையைத் திரும்பக் கண்டுபிடிப்பது பாடு, அதனால்தான் அத்தனை சுற்று. பிறகு சூடு முனையுள்ள சிஸ்டோடோமால் வழியைத் திறந்து, பலூனால் சுமார் 8 முதல் 10 மி.மீ.வரை விரித்து, இரு முனையும் பன்றிவால் போலச் சுருண்ட 7 அல்லது 10 ஃப்ரெஞ்ச் பிளாஸ்டிக் ஸ்டென்ட் இரண்டு வைப்பார்கள். 10 ஃப்ரெஞ்ச் என்றால் 3.3 மி.மீ. இரண்டு வைப்பதில் ஒரு நுணுக்கம் உண்டு: ஒன்று அடைத்தாலும் இரண்டுக்கும் நடுவிலுள்ள இடைவெளி வழியாக நீர் வடியும். முதல் ஸ்டென்ட் போட்டபின் இரண்டாவது வயரைத் தேடாமலிருக்க, தொடக்கத்திலேயே இரண்டு வயரையும் சேர்த்து விட்டுவிடுவது நல்ல பழக்கம்.

செத்த திசு நிறைய இருந்தால் பிளாஸ்டிக் போதாது. ‘லாம்ஸ்’ எனப்படும் உலோக ஸ்டென்ட் வேண்டும். உடுக்கை போல நடு ஒடுங்கி இரு பக்கமும் விரிந்திருக்கும். உள்விட்டம் பெரும்பாலும் 15 மி.மீ., சிலருக்கு 20. நுனியில் சூடு இருப்பதால் ஊசி, வயர், பலூன் எதுவும் இல்லாமல் நேராகச் சுவரைத் துளைத்து உள்ளே போய்விடும். உள் விரிப்பை முதலில் திறந்து, மெல்லப் பின்னால் இழுத்து, அது சுவரில் உட்கார்ந்து சற்றுத் தட்டையாவதைத் திரையில் பார்த்தபின் வெளி விரிப்பை இரைப்பைக்குள் விட வேண்டும். தவறு நடக்கும் இடம் இதுதான். இழுப்பு போதாமல் வெளி விரிப்பைத் திறந்தால் ஸ்டென்ட் முழுதும் தேக்கத்துக்குள் விழுந்துவிடும். அதிகம் இழுத்தால் உள் விரிப்பு சுவரிலிருந்து கழன்று இரண்டு சுவருக்கும் நடுவில் மாட்டி, நீர் வயிற்றறைக்குள் கசியும். ஆகவே ஒரே கட்டமாகச் செய்தாலும், கைடுவயர் ஒன்றை முன்னதாக உள்ளே வைத்திருந்தால் பிழை நேர்ந்தாலும் அதே துளையில் இன்னொரு ஸ்டென்ட் போட்டுச் சமாளிக்கலாம். நன்றாக உட்கார்ந்துவிட்டால் மதகு திறந்த மாதிரிதான்; பழுப்பு நீர் இரைப்பைக்குள் கொட்டும், உறிஞ்சி எடுக்கக் கை ஓயாது.

வடிந்ததும் முடிந்ததா

பலருக்கு வடிந்தாலே காய்ச்சல் அடங்கும். மூன்று நான்கு நாளாகியும் அடங்கவில்லை என்றால் ஸ்டென்ட்டின் 15 மி.மீ. வாய் வழியாக எண்டோஸ்கோப்பையே குழிக்குள் செலுத்தி, செத்த திசுவைப் பிடித்துப் பிடித்து எடுப்பார்கள். நெக்ரோசெக்டமி என்பது இது. ஊறிய தென்னைநார் போலச் சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கும். தானாக வருவதை மட்டும் எடுக்க வேண்டும். இளஞ்சிவப்பாக உயிருள்ள திசு தெரிந்ததும் நிறுத்திவிட வேண்டும். ஒரே நாளில் காலி செய்ய நினைத்துப் பலமாக இழுத்தால் அதன் நடுவே ஓடும் ரத்தக்குழாயும் கூடவே வரும். மூன்று நாள், நான்கு நாள் இடைவெளியில் மூன்று நான்கு முறை செய்வதும் வழக்கந்தான். அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையை, வேறு தேவை இல்லையென்றால், இந்தக் காலத்தில் நிறுத்திவைப்பார்கள். இரைப்பை அமிலம் குழிக்குள் போய்த் திசுவைக் கரைக்க உதவும்.

இடுப்புப் பக்கமாக, பெருங்குடலுக்குப் பின்னால் இறங்கிய தேக்கத்துக்கு இரைப்பைத் துளை எட்டாது. அங்கே ரேடியாலஜிஸ்ட் வெளியிலிருந்து குழாய் வைப்பார், இரண்டும் சேர்ந்தே தேவைப்படும். முன்பெல்லாம் நேராக வயிற்றைத் திறந்து அறுவை செய்தார்கள். முதலில் வடிப்பது, போதாவிட்டால் மட்டும் அடுத்த படி என்ற முறை நல்லது என்று 2010-இல் ‘பேன்டர்’ ஆய்வு காட்டியது. அதில் 35 சதவீதம் பேருக்கு வடித்ததோடு முடிந்துவிட்டது. 2018-இல் வந்த ‘டென்ஷன்’ ஆய்வில் எண்டோஸ்கோப்பி வழியில் போனவர்களுக்குக் கணைய நீர் வெளியே ஒழுகும் புரை 5 சதவீதம், அறுவை வழியில் 32 சதவீதம். வயல் வேலைக்குத் திரும்ப வேண்டிய ஒருவருக்கு, இடுப்பில் மாதக்கணக்கில் பையைக் கட்டிக்கொண்டு திரிவதா இல்லையா என்பது இந்த இரண்டு எண்களுக்கு நடுவில் இருக்கிறது.

இரண்டாவது தேதி

ஆவணி நடுவில் உலோக ஸ்டென்ட் வைத்தால் மூன்று வாரம் கழித்து சி.டி. எடுக்க வேண்டும். அது புரட்டாசி முதல் வாரம். டெல்டாவில் சம்பா நடவு தொடங்கும் வேளை. வலி போய்விட்டது, பசி திரும்பிவிட்டது, ஆள் கிடைக்காத நேரத்தில் வயலை விட்டுவிட்டு, வேதாரண்யத்திலிருந்து சுமார் நூறு கிலோமீட்டர் பஸ் ஏறித் தஞ்சாவூர் போய், அங்கிருந்து திருச்சிக்கோ வேறு ஊருக்கோ போக மனம் வராது. “அறுப்பு முடிஞ்சு போய்க்கலாம்” என்று தை வரை தள்ளிவிடுவார்கள்.

இந்தத் தள்ளிப்போடல் எவ்வளவு கொடியது என்பதை ஸ்டென்ட்டின் அமைப்பிலேயே பார்க்கலாம். நீர் வற்ற வற்றக் குழி சுருங்கும். எதிர்ச்சுவர் முன்னால் வந்து ஸ்டென்ட்டின் உள் விரிப்பில் மோதும். உலோக விரிப்பு நகராது. மூச்சு விடும் ஒவ்வொரு முறையும் சுவரில் உரசும். அந்தச் சுவருக்குள் மண்ணீரல் தமனியின் கிளை ஓடுகிறது. உரசி உரசி அது அரிந்தால் ரத்தம் நேராக இரைப்பைக்குள் கொட்டும். பிளாஸ்டிக் ஸ்டென்ட் வளையும், குழி சுருங்கும்போது இரைப்பைப் பக்கம் நகர்ந்துகொள்ளும். அதற்கு இந்த ஆபத்து குறைவு. அமெரிக்காவில் 60 பேரிடம் இரண்டு வகையையும் ஒப்பிட்ட ஆய்வு 2019-இல் வெளியானது. உலோக ஸ்டென்ட்டைத் தாமதமாக எடுத்தவர்களுக்கு ரத்தக்கசிவும், ஸ்டென்ட் சுவருக்குள் புதைவதும் வந்ததால், நடுவிலேயே விதியை மாற்றி மூன்றாவது வாரம் சி.டி., வற்றியிருந்தால் உடனே எடுத்துவிடுவது என்று வைத்தார்கள். இன்று பெரும்பாலான மையங்களில் மூன்று முதல் நான்கு வாரம் என்ற கணக்கு இப்படி வந்ததுதான்.

எடுப்பது வைப்பதைப் போலக் கடினமல்ல. சாதாரண எண்டோஸ்கோப்பியில் விரிப்பின் ஓரத்தைப் பிடித்து இழுத்தால் வந்துவிடும், சில நிமிட வேலை. கணையக் குழாய் நடுவில் அறுந்து வால் பகுதி தனியாக நின்றுவிட்டதா என்பதை எம்.ஆர்.ஐ.யில் பார்த்து, அப்படியிருந்தால் அதே துளையில் பிளாஸ்டிக் ஸ்டென்ட்டை மாற்றி வைத்து நீண்டநாள் விட்டுவிடுவது பல மருத்துவர்களின் வழக்கம். எல்லோருக்கும் அது தேவையா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. அந்த ஸ்டென்ட்டை எப்போது எடுப்பது, எடுக்காமலே விடுவதா என்பதைக் கேட்டுத் தெரிந்துகொள்வது நோயாளியின் உரிமை.

இடைப்பட்ட நாளில் ரத்த வாந்தி, தார் போன்ற கறுப்பு மலம், மயக்கம், மீண்டும் குளிர்க்காய்ச்சல் என எது வந்தாலும் அந்த இரவே 108-ஐ அழைக்க வேண்டும், கஷாயம் வைத்துக்கொண்டு விடியும்வரை பார்க்கக் கூடாது. வண்டியில் ஏற்றும்போதே “இரைப்பையில கம்பி ஸ்டென்ட் இருக்கு” என்று சொல்லிவிட்டால், ரத்தக்குழாயை உள்ளிருந்தே அடைக்கும் எம்போலைசேஷன் வசதியுள்ள பெரிய மருத்துவமனையை நோக்கிப் போக வேண்டியதுதான் என்பது முதலில் பார்க்கும் மருத்துவருக்குப் புரியும்.

பித்தக்கல்லால் வந்தவர்கள் தேக்கம் வற்றியபின் பித்தப்பையை எடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் மறுபடி வரும். குடியால் வந்தவர்களுக்குக் குடியை நிறுத்துவதும் புகையை நிறுத்துவதும் மருந்தில் பாதி. கணையத்தில் பெரும்பகுதி செத்தவர்களுக்குச் சர்க்கரை நோய் வரலாம், மலம் எண்ணெய் மிதந்து நாற்றமடிக்கலாம். அப்போது நொதி மாத்திரையைச் சாப்பாட்டின் நடுவிலேயே போட வேண்டும். வெறும் வயிற்றில் போட்டால் பயனில்லை.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் சேர்க்கை போடுபவர்கள், ஸ்டென்ட் வைப்பது மட்டுமல்ல, திரும்ப வந்து எடுப்பதும் சி.டி.யும் அதில் அடங்குமா என்பதைச் சேரும்போதே காப்பீட்டு கவுன்ட்டரில் கேட்க வேண்டும். டிஸ்சார்ஜ் சீட்டில் என்ன வகை ஸ்டென்ட், எத்தனை, வைத்த தேதி, எடுக்க வேண்டிய தேதி ஆகிய நான்கும் தமிழில் எழுதியிருக்கிறதா, அழைக்க ஒரு தொலைபேசி எண் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் ஊருக்குப் பஸ் ஏற வேண்டும்.